தி சன் வாங்காத நகரம்: ஊடகச் சார்பும் பொதுமனப்பான்மையும் – ஒரு சமூகவியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஒரு பத்திரிகையின் சார்பு வாசகரின் மனப்பான்மையை உருவாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே அந்த மனப்பான்மை உள்ளவர்தான் அந்தப் பத்திரிகையை வாங்குகிறாரா? ஊடகச் சமூகவியலின் எல்லா வாதங்களும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கின்றன. முரசொலிக்குச் சந்தா கட்டுபவர் உதயசூரியனுக்கு வாக்களிப்பதை முரசொலியின் செல்வாக்குக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவர் சந்தா கட்டுவதற்கு முன்பே கட்சிக்காரர்.

இதைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு வழிதான் உண்டு. பல லட்சம் பேர் படிக்கும் ஒரு நாளிதழை ஒரு வட்டாரத்தில் மட்டும் நிறுத்த வேண்டும். பக்கத்து வட்டாரங்களில் அது வழக்கம்போல விற்க வேண்டும். நிறுத்திய காரணத்துக்கும் ஆராய விரும்பும் அரசியல் கருத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு இருபது, முப்பது ஆண்டு காத்திருந்து இரு பகுதி மக்களின் கருத்தையும் ஒப்பிட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் இப்படி ஒரு சோதனையை நடத்த முடியாது. ஆனால் இங்கிலாந்தின் வடமேற்கில் லிவர்பூல் நகரமும் அதைச் சூழ்ந்த மெர்சிசைடு வட்டாரமும் 1989 முதல் இதைத் தாமாகவே செய்து காட்டியிருக்கின்றன. எந்த ஆய்வாளரையும் மனத்தில் வைத்து அல்ல, இறந்த பிள்ளைகளின் பெயரால். இக்கட்டுரை அந்த ஒரு நேர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, சார்பு எந்தெந்த வழிகளில் வேலை செய்கிறது என்று பார்க்கிறது.

சார்பு என்று இங்கே குறிப்பது பொய்யை மட்டும் அல்ல. எதைச் செய்தியாக எடுப்பது, யார் வாயிலிருந்து எடுப்பது, எந்த வினைச்சொல்லால் வாக்கியத்தை முடிப்பது, எதை எட்டாம் பக்கத்தில் ஒதுக்குவது ஆகிய தெரிவுகள் எல்லாம் நாள்தோறும் ஒரே திசையில் சாய்வதுதான் சார்பு. தனித்தனி வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் பிழை இல்லாமல் இருக்கலாம்.

2. கோட்பாட்டுப் பின்புலம்

ஊசி வழியாக மருந்து ஏறுவதுபோல ஊடகச் செய்தி மக்கள் மூளைக்குள் ஏறிவிடும் என்ற எண்ணம் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பரவலாக இருந்தது. அதை அசைத்தவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் ஒரே வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார். 1944இல் வெளியான முடிவு ஊசிக் கோட்பாட்டுக்காரர்களுக்கு ஏமாற்றம் தந்தது. பிரச்சாரத்தால் மனம் மாறியவர்கள் சொற்பம். பெரும்பாலோரிடம் அது இருந்த கருத்தையே கெட்டிப்படுத்தியது. செய்தி நேரே எல்லாரிடமும் போவதில்லை, விவரம் தெரிந்த சிலர் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகிறது என்றும் அவர் சொன்னார். டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துப் பொழிப்புரையும் சேர்த்துச் சொல்பவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுச் செய்தி அல்ல.

அதன்பிறகு ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். 1968இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் நடத்திய ஆய்வு, ஊடகம் நம்மை என்ன நினைக்க வைக்கிறது என்பதை விட்டுவிட்டு, எதைப் பற்றி நினைக்க வைக்கிறது என்று பார்த்தது. நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் என்று வாக்காளர் சொன்ன வரிசையும் ஊடகங்கள் இடம் ஒதுக்கிய வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஜார்ஜ் கெர்ப்னர் இன்னும் நீண்ட காலத்தைப் பார்த்தார். அவர் கணக்கில் ஒரு நிகழ்ச்சி, ஒரு செய்தி முக்கியமல்ல. பல்லாண்டு தொடர்ந்து பார்ப்பதால் உலகைப் பற்றிப் படியும் பொதுச் சித்திரமே முக்கியம். தொலைக்காட்சியில் வன்முறையை ஓயாமல் பார்ப்பவர், தன் தெருவில் ஒன்றும் நடக்காவிட்டாலும் உலகம் கொடியது என்று நம்பத் தொடங்குகிறார்.

சமூகவியல் பாடநூல்கள் இவற்றை மூன்று பள்ளிகளின் கீழ் அடுக்குவது வழக்கம். டர்க்கைம் வழியில் வரும் செயற்பாட்டியம், ஊடகம் சமூகத்தை ஒரு பொதுச் சினத்தில் அல்லது பொதுத் துயரத்தில் ஒன்றுசேர்க்கிறது என்கிறது. கிராம்ஷியும் பின்னால் ஹெர்மன், சோம்ஸ்கி ஆகியோரும் நிற்கும் முரண்பாட்டுப் பார்வை, உடைமையும் விளம்பரமும் அதிகாரிகளை நம்பிச் செய்தி திரட்டும் பழக்கமும் சேர்ந்து ஆள்வோரின் உலகப் பார்வையை இயல்பான உண்மையாக்குகின்றன என்கிறது. ஊடாட்டப் பார்வை, ஒரு கூட்டத்தின்மேல் பெயர் ஒட்டப்படும் கணத்தையும் அந்தப் பெயர் ஒட்டப்பட்டவர்களுக்கு நேர்வதையும் கவனிக்கிறது. தேர்வு எழுத இந்தப் பிரிவினை வசதி. லிவர்பூல் நேர்வைப் புரிந்துகொள்ள மூன்றும் ஒருசேர வேண்டும். தனியாக எடுத்தால் மூன்றில் எதுவும் பாதி வழியில் கைவிட்டுவிடும்.

3. முன்கதை: ஊர்ப்பிசாசு உருவாதல்

1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் இளைஞர் குழுக்கள் சில ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. உடைந்தது கொஞ்சம்தான். மறுநாள் நாளிதழ்கள் அதை ஒரு போர்க்களமாக வருணித்தன. ஸ்டான்லி கோஹன் இந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கி 1972இல் எழுதிய நூல், ‘ஊர்ப்பிசாசு’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஒரு கருத்தைத் தந்தது. சமூகம் தன் பதற்றங்களை எல்லாம் ஏற்றிவைக்க ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் கூட்டத்தின் உடை, பேச்சு, நடை எல்லாமே குற்றத்தின் அடையாளங்கள் ஆகின்றன. அதன்பின் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு என்ன நேர்ந்தாலும், முதல் சந்தேகம் அவர்மேல்தான் விழும்.

1980களின் இங்கிலாந்தில் அந்த இடத்துக்கு இரண்டு கூட்டங்கள் வந்தன. ஒன்று, வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். 1984 ஜூன் 18 அன்று ஷெஃபீல்டுக்கு அருகில் ஆர்கிரீவ் என்ற இடத்தில் தொழிலாளரும் காவல்துறையும் மோதிக்கொண்டனர். அன்று மாலை பிபிசி காட்டிய தொகுப்பில் தொழிலாளர் கல்லெறிந்தனர், அதன்பின் குதிரைப்படை பாய்ந்தது. உண்மையில் வரிசை நேர்மாறானது என்றும் தொகுப்பில் அது மாறிப்போயிற்று என்றும் பிபிசி ஒப்புக்கொள்ள ஆண்டுகள் பிடித்தன. கலவரம், சட்டவிரோதக் கூட்டம் ஆகிய குற்றச்சாட்டுகளின்கீழ் 95 பேர்மீது வழக்குப் போடப்பட்டது. காவலர் சாட்சியங்களில் ஒரே சொற்றொடர்கள் அச்சு வார்த்ததுபோல் திரும்பத் திரும்ப வந்தது தெரியவந்ததும் வழக்கு கவிழ்ந்தது. அந்தக் காவல்துறையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: தென் யார்க்ஷயர் காவல்துறை.

மற்றக் கூட்டம் கால்பந்து ரசிகர்கள். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தில் மரத்தால் ஆன பார்வையாளர் அரங்கு தீப்பிடித்து 56 பேர் இறந்தனர். அதே மாதம் 29ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்செல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணியினர்மேல் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இத்தாலியர். இரண்டாவதில் ரசிகர்களின் குற்றம் உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. முதலாவதில் ரசிகர்கள் பலியானவர்கள். ஆனால் நாளிதழ்த் தலையங்கங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டின. கால்பந்து என்பதே சேரிக் கூட்டத்தின் ஆட்டம் என்ற பேச்சு மரியாதையான ஞாயிறு இதழ்களில்கூட அச்சேறியது. ரசிகர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமாக்கும் மசோதா 1989இன் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் இருந்தது. ஆக, ‘குடித்துவிட்டு வந்த லிவர்பூல் ரசிகன்’ என்ற சித்திரம் ஏப்ரல் மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது. அதில் பொருத்துவதற்கு ஒரு சம்பவம்தான் வர வேண்டியிருந்தது.

4. ஒரு பொய்யின் நான்கு நாள் பயணம்

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதின. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் சுழல்கதவுகள் குறைவு. வெளியே நெரிசல் கட்டுக்கடங்காமல் போனது. பிற்பகல் 2.52 மணிக்கு, பொறுப்பிலிருந்த தென் யார்க்ஷயர் காவல்துறைத் தலைமைக் கண்காணிப்பாளர் டேவிட் டக்கன்ஃபீல்டு சி என்ற வெளியேறும் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்த 2,000க்கும் மேற்பட்டோருக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப் பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த இரண்டு நடு அடைப்புகளுக்குள் கொண்டுபோய் விட்டது. அந்தப் பாதையை மூட யாரும் உத்தரவிடவில்லை. முன்னால் உயரமான கம்பிவேலி. 3.06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது மனிதர்கள் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்தார்கள். இறந்தவர் தொகை பிற்காலத்தில் 97 ஆனது. கடைசிப் பெயர் 2021இல் சேர்ந்தது.

ஆட்டம் நின்று சில நிமிடங்களில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகி கிரஹாம் கெல்லி கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள் என்று டக்கன்ஃபீல்டு அவரிடம் சொன்னார். தானே திறக்கச் சொன்ன கதவு. சடலங்கள் இன்னும் மைதானத்தில் கிடக்கையில் அந்தச் சொல் ஒலிபரப்பில் ஏறி உலகம் சுற்றியது.

இங்கேதான் ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய தோழர்களும் 1978இல் முன்வைத்த ‘முதன்மை வரையறுப்போர்’ என்ற கருத்து கைகொடுக்கிறது. நிருபர் சதிகாரராக இருக்க வேண்டியதில்லை. நேரம் இல்லை, இடத்தில் குழப்பம், பொறுப்பான ஒருவரிடம் கேட்க வேண்டும். பொறுப்பானவர் என்றால் சீருடை போட்டவர். அவர் முதலில் சொல்வது நிகழ்வின் வரையறை ஆகிவிடுகிறது. அதன்பின் வருகிறவர்கள் எல்லாம் அந்த வரையறைக்குப் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். ‘நாங்கள் கதவை உடைக்கவில்லை’ என்று மறுப்பவர், கதவு உடைந்த கதையைத்தான் இன்னொரு முறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மூன்று நாட்களில் கதை வளர்ந்தது. ஷெஃபீல்டின் ஒரு செய்தி முகமை, மூத்த காவல் அதிகாரிகள் சிலரிடமும், காவலர் கூட்டமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடமும், அப்பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் இர்வின் பாட்னிக்கிடமும் பேசித் திரட்டியதைப் பத்திரிகைகளுக்கு விற்றது. ரசிகர்கள் இறந்தவர்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள், காவலர்மேல் சிறுநீர் கழித்தார்கள், உயிரைக் காக்க முயன்ற காவலரை அடித்தார்கள் என்பவை அதில் இருந்தன. ஏப்ரல் 19, புதன்கிழமை காலை, நாளொன்றுக்கு 40 லட்சத்துக்கும் மேல் விற்ற தி சன் நாளிதழ் இவை மூன்றையும் முதல் பக்கத்தில் போட்டது. மேலே ‘உண்மை’ என்று ஒரே சொல்லில் ராட்சத எழுத்துத் தலைப்பு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சுட்டுச்சொல்லும் சேரும்.

5. வினைமுற்றில் இருக்கும் சார்பு

அன்று காலை இக்குற்றச்சாட்டுகளை அச்சிட்டது தி சன் மட்டும் அல்ல. டெய்லி எக்ஸ்பிரஸ் உள்பட வேறு நாளிதழ்களும் போட்டன. ‘போலீஸ் குற்றம் சாட்டுகிறது’ என்ற பாங்கில் போட்டன. லிவர்பூல் அவற்றை முழுமையாக மன்னித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் புறக்கணிக்கவில்லை. வேறுபாடு ஒரு சொல்லில் இருந்தது. மற்றவர்கள் சொன்னவர் யார் என்று சொன்னார்கள். தி சன் சொன்னவரைத் தலைப்பிலிருந்து நீக்கிவிட்டு, சொல்லப்பட்டதை உண்மை என்று அறிவித்தது.

தமிழ்ச் செய்தி எழுத்தில் இதே வேலையைச் செய்யும் ஒரு வினைமுற்று இருக்கிறது. ‘போலீசார் கூறினர்’ என்று எழுதினால் அது கூற்று. ‘கூறப்படுகிறது’ என்றால் கேள்விப்பட்டது. ஆனால் ‘விசாரணையில் தெரியவந்தது’ என்று எழுதும்போது, காவல் நிலையத்தில் ஓர் ஆய்வாளர் சொன்னது அறிவாக மாறிவிடுகிறது. யாருக்குத் தெரியவந்தது, யார் சொல்லித் தெரியவந்தது என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இந்தக் கட்டுரையிலேயே, ஆர்கிரீவ் வழக்கைப் பற்றி எழுதும்போது, அதே ‘தெரியவந்தது’ என் கையிலிருந்தும் வந்துவிட்டது. நீக்கலாமா என்று யோசித்து விட்டுவைத்தேன். பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

கைதான இளைஞர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படமும், தப்பி ஓடுகையில் அல்லது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்தது என்ற வரியும் நம் நாளிதழ்களில் எத்தனை முறை வந்திருக்கின்றன! எழுதுபவர், பிழை திருத்துபவர், படிப்பவர் யாரும் அந்த வரியை நம்புவதில்லை. இருந்தும் அது அச்சாகிறது. கீழே கைதட்டலும் விழுகிறது. ஹாலின் கோட்பாட்டை இது ஒரு படி தாண்டிப் போகிறது: நம்பப்படாத வரையறைகூடச் செல்லுபடியாகும், பொதுமனம் அந்தக் கூட்டத்தை ஏற்கெனவே ஊர்ப்பிசாசாக்கிவிட்டிருந்தால். 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது ‘சமூக விரோதிகள் ஊடுருவினர்’ என்ற தொடர் சில நாட்களிலேயே எல்லார் நாவிலும் இருந்தது. சூடு தேவையற்றது என்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில்.

6. வாசகர் என்ன செய்கிறார்

இதுவரை சொன்னதில் வாசகர் வெறும் கொள்கலமாக நிற்கிறார். அது சரியல்ல. ஹால் 1973இல் எழுதிய கட்டுரையில், ஒரு செய்தியை அதன் போக்கிலேயே ஏற்பவர், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுபவர், நேர் எதிராக வாசிப்பவர் என்று மூவகை வாசிப்பைப் பிரித்தார். எவர் எதிராக வாசிக்கிறார் என்பதுதான் கேள்வி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிரெக் ஃபைலோ, சுரங்க வேலைநிறுத்தம் முடிந்த பிறகு, பலதரப்பட்ட குழுக்களிடம் செய்திப் படங்களைக் கொடுத்து அவர்களையே செய்தி எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியது தொலைக்காட்சிச் செய்தியை வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. மறியல் பெரும்பாலும் வன்முறையாகவே நடந்தது என்று பாதிக்கும் மேற்பட்டோர் நம்பினர். மறியலை நேரில் பார்த்தவர்கள், தொழிலாளராக இருந்தாலும் காவலராக இருந்தாலும், அப்படிச் சொல்லவில்லை. நாளெல்லாம் சும்மா நின்றதுதான் அதிகம் என்றார்கள்.

ஆக, எதிர்வாசிப்புக்குப் பெரிய படிப்போ கூர்ந்த அறிவோ அடிப்படை அல்ல. அங்கே இருந்தவரா, அல்லது அங்கே இருந்த ஒருவரைத் தெரிந்தவரா என்பதே அடிப்படை. லிவர்பூலில் அப்படிப்பட்டவர்கள் ஒரு நகரம் அளவுக்கு இருந்தார்கள். அந்த மைதானத்திலிருந்து வீடு திரும்பிய பல்லாயிரம் பேர், அவர்களுடைய தாய்மார், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர். விவரம் தெரிந்தவர் வழியாகச் செய்தி போகும் லாசர்ஸ்ஃபெல்டின் இரண்டு படிகள் இங்கே தலைகீழாக நடந்தன: ஊரில் விவரம் தெரிந்தவர் பத்திரிகையை விளக்கவில்லை, பத்திரிகை பொய் என்றார்.

கர்க்பி என்ற பகுதியில் தி சன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். பேப்பர் கடைக்காரர்கள் அதை வாங்கிவைக்க மறுத்தார்கள், சிலர் வாடிக்கையாளருக்குப் பயந்து மேசைக்குக் கீழே வைத்தார்கள். தி சன் ஆசிரியர் கெல்வின் மெக்கென்சி, லிவர்பூல் அணியின் மேலாளர் கென்னி டால்கிலீஷைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சரிக்கட்ட என்ன வழி என்று கேட்டார். அதே அளவு எழுத்தில், பொய் சொன்னோம் என்று தலைப்புப் போடுங்கள் என்று தான் சொன்னதாக டால்கிலீஷ் பின்னாளில் எழுதியிருக்கிறார். முடியாது என்றார் ஆசிரியர். புறக்கணிப்பு ஓயவில்லை. ஹில்ஸ்பரோ நடந்தபோது பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் இன்று அந்தப் பேப்பரைத் தொடுவதில்லை. பொதுத் துயரம் ஒரு கூட்டத்தை இறுக்கிக் கட்டும் என்ற டர்க்கைமின் கருத்து இங்கே முழுமையாகப் பலிக்கிறது. ஆனால் ஊடகம் கட்டவில்லை, ஊடகத்தை விலக்கியதுதான் கட்டியது. செயற்பாட்டியத்தார் எதிர்பார்த்த திசை இதுவல்ல.

7. புறக்கணிப்பின் எதிர்பாராத விளைவு

தி சன் 1975 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பியச் சமூகத்தில் தொடர வேண்டும் என்ற பக்கம் நின்ற பத்திரிகை. 1980களின் இறுதியில் அது திசை மாறியது. 1990 நவம்பர் 1 அன்று ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஜாக் டெலோரை வசைபாடும் தலைப்பை முதல் பக்கத்தில் போட்டது. பிறகு வளைந்த வாழைப்பழத்துக்குத் தடை என்பதுபோன்ற கதைகள் கால் நூற்றாண்டு பல நாளிதழ்களில் தொடர்ந்தன. 1994இல் வந்த வாழைப்பழ விதி ஒன்று உண்மையில் உண்டு. அது தர வகைப்பாடு. அதை வளைவுத் தடையாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் முதல் பகுதியில் சொன்ன சாய்வு. தனியாகப் பார்த்தால் சிரிப்பு. இருபத்தைந்து வருடம் தினமும் காலையில் தேநீரோடு படித்தால் உலகப் பார்வை.

லிவர்பூல் அந்தத் தேநீரோடு தி சன் படிக்கவில்லை. ஃப்ளோரியன் ஃபூஸ், டேனியல் பிஷோஃப் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள். புறக்கணிப்புக்குக் காரணம் ஒரு கால்பந்து விபத்து; ஐரோப்பாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் பகுதியில் சொன்ன, எவராலும் நடத்த முடியாத சோதனை இதுவே. 1989க்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புத் தரவுகளைக் கொண்டு மெர்சிசைடையும் பிற பகுதிகளையும் ஒப்பிட்டு அவர்கள் அமெரிக்க அரசியல் அறிவியல் சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு: புறக்கணிப்பு நடந்த பகுதியில் ஐரோப்பிய ஒன்றியம் குறித்த மனப்பான்மை கூடுதல் நட்போடு மாறியது. இந்த மாற்றம் யாரிடம் அதிகம்? தி சன் படிப்பதை விட்ட உழைக்கும் வர்க்கத்தாரிடமும், புறக்கணிப்புக் காலத்தில் வளர்ந்த தலைமுறையிடமும். வேறு சொற்களில், அந்தப் பேப்பரின் வழக்கமான வாசகராக இருந்திருக்க வேண்டியவர்களிடம்.

2016 வாக்கெடுப்பில் இங்கிலாந்து 53 விழுக்காட்டுக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுதலுக்கு வாக்களித்தது. லிவர்பூல் நகரில் 58.2 விழுக்காட்டினர் தொடர்வதற்கு வாக்களித்தனர். இந்த எண்ணை மட்டும் காட்டி நிறுத்துவது நேர்மையாகாது. அதே மெர்சிசைடைச் சேர்ந்த செயின்ட் ஹெலன்ஸில் 58 விழுக்காட்டினர் வெளியேறுதலுக்கு வாக்களித்தனர். நோஸ்லியிலும் வெளியேறும் தரப்பே சற்று முந்தியது. லிவர்பூல் துறைமுக நகரம், மாணவர் நிறைந்த ஊர், ஐரிஷ் வேர்கள் கொண்டது, ஒன்றியத்தின் வளர்ச்சி நிதியைக் கண்ணால் பார்த்தது. ஒரு பத்திரிகை இல்லாமல் போனது இவற்றோடு சேர்ந்த ஒரு காரணம், அவ்வளவுதான். இன்னொரு தடையும் சொல்ல வேண்டும். தி சன்னை விட்டவர் டெய்லி மிரருக்குப் போயிருந்தால், அங்கே அளக்கப்பட்டது சார்பின்மையின் விளைவு அல்ல. ஒரு சார்பின் இடத்தில் இன்னொன்று வந்ததன் விளைவு.

இத்தடைகளுக்குப் பிறகும் மிஞ்சுவது கணிசமானது. 1997 தேர்தலுக்கு முன் தி சன் உள்படச் சில பத்திரிகைகள் தொழிற்கட்சி பக்கம் தாவியபோது அவற்றின் வாசகரில் 10 முதல் 25 விழுக்காடு வரை உடன் தாவினர் என்று லாட், லென்ஸ் இருவரும் கணக்கிட்டிருக்கிறார்கள். தலைப்பு போட்ட அன்று கோபப்பட்டு எதிர்த்தவர்களிடம் சார்பு தோற்றது. தலைப்பே நினைவில் நிற்காத சாதாரண நாட்களில், எதிர்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துப் படித்தவர்களிடம் அது வென்றது. ஊடகச் சார்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பெரிய பொய்களைத் துரத்துகின்றன. துரத்த வேண்டியது சின்ன வாழைப்பழங்களை என்பது என் கருத்து.

8. திருத்தம் ஏன் எட்டவில்லை

பொய் அம்பலமானால் மனப்பான்மை திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் ஹில்ஸ்பரோவின் தேதிகளைப் பார்க்க வேண்டும். விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை 1989 ஆகஸ்டிலேயே, நான்கு மாதங்களுக்குள், முதன்மைக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவறு என்று தெளிவாக எழுதிவிட்டது. ஆனால் மெர்சிசைடுக்கு வெளியே ‘குடிகார ரசிகர்’ கதை அதன்பிறகும் சுமார் இருபது ஆண்டுகள் மேடைகளிலும் மதுக்கடைகளிலும் உலவியது. 1991இல் மரண விசாரணை ‘விபத்துச் சாவு’ என்று முடிந்தது. இறந்த குழந்தைகளின் இரத்தத்தில்கூட மது அளவைச் சோதித்த விசாரணை அது. 2012 செப்டம்பர் 12 அன்று ஹில்ஸ்பரோ ஆவணங்களை ஆராய்ந்த சுதந்திரக் குழு அவற்றை வெளியிட்ட பிறகே, காவலர் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டதும், அவற்றில் 116இல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டதும் நாட்டுக்குத் தெரிந்தது. மறுநாள் தி சன் மன்னிப்புக் கேட்டுத் தலைப்புப் போட்டது. டால்கிலீஷ் கேட்ட திருத்தம் 23 ஆண்டு தாமதமாக வந்தது.

திருத்தம் முதல் செய்திபோல ஓடுவதில்லை என்பதற்கு உளவியல் காரணம் மட்டும் சொல்வது போதாது. முதல் செய்திக்குச் சீருடை அணிந்த ஆதாரமும் தயாரான சித்திரமும் இருந்தன. திருத்தத்துக்கு இருந்தது ஒரு நீதிபதியின் நீண்ட அறிக்கையும் சில குடும்பங்களின் விடாப்பிடியும். 2016 ஏப்ரல் 26 அன்று இரண்டாம் விசாரணையின் நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த நாள் நாட்டின் முதல் பக்கங்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் அது நிறைத்தது. மர்டாக் குழுமத்தின் தி சன்னின் முதல் பக்கத்தில் அது இல்லை. அதே குழுமத்தின் தி டைம்ஸின் முதல் பதிப்பிலும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள். இதில் எந்த வாக்கியமும் பொய் இல்லை. வாக்கியமே இல்லை.

டக்கன்ஃபீல்டு தன்மேல் நடந்த வழக்கில் 2019 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். வாக்குமூலங்களைத் திருத்தியதாக வழக்குக்குள்ளான மூவரும் 2021 மே மாதம் விடுதலையானார்கள். டெய்லர் விசாரணை நீதிமன்றம் அல்ல, எனவே அதற்குக் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்துவது நீதியின் போக்கைக் கெடுத்ததாகாது என்றார் நீதிபதி. 97 சாவுகள் தொடர்பாகக் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர் ஒரே ஒருவர், மைதானத்தின் அன்றைய பாதுகாப்பு அதிகாரி. சுழல்கதவுகளைச் சரியாக ஒதுக்காததற்காக அவருக்கு விதித்த அபராதம் 6,500 பவுண்டு.